பிரபுக்கள் சபையும் ஒரு கிடாரம் கூழும்

அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த பிரபுக்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. எல்லோரும் செத்து முந்நூறு வருடம் இருக்கும். ஆனாலும் திங்கள் முதல் வியாழன் வரை, காலை ஒன்பது மணிக்கு, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் கணினியைத் திறந்ததும் அவர் முதலில் பார்ப்பது அவர்களில் யார் யார் சபைக்கு வந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

"இண்டைக்கு ஆயர்மார் பன்னிரண்டு பேர் வந்திருக்கினம். அங்க குளிர் குறைஞ்சிட்டுது போல" என்பார்.

வெளியே எங்கள் குளிர் அப்படியே இருக்கும். கீழே புடவைக் கடை, அதற்குப் பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை. பதினொரு மணிக்குத் தகரத்தில் தட்டுகிற சத்தம் தொடங்கிவிடும். அதற்கு மேலே, எல்லோருக்கும் அக்காவான அவரையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்து பழைய புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். எங்கோ ஒரு நூலகம் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பும், இயந்திரம் அதை வாசித்துப் பிழையாகத் தட்டச்சு செய்யும், நாங்கள் மனிதக் கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். எனக்கு வந்தவை கப்பல்களின் சரக்குப் பட்டியல்கள். அக்காவுக்கு வாய்த்தது லண்டன் பிரபுக்கள் சபையின் குறிப்பேடு, பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து இருபது வருடங்கள்.

சின்ன உருவம். மகன் போட்டுக் கழித்த பெரிய சுவெற்றர். கையில் எப்போதும் கோடு கீறுகிற ஒரு மர அடிமட்டம். அதைக் கணினித் திரையில் வரிக்குக் கீழே பிடித்துக்கொண்டுதான் வாசிப்பார். திரை கீறுப்படும் என்று முகாமையாளர் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அக்கா முன்பு யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த சாமான் அந்த அடிமட்டம் ஒன்றுதான் என்று நான் பகிடி பண்ணுவேன். "ஓம், காணி உறுதியை விட்டிட்டு இதைத்தான் கொண்டந்தனான்" என்பார், சிரிக்காமல்.

அடிமட்டத்தோடு ஒரு சட்டமும் கொண்டுவந்திருந்தார். கையெழுத்துக்குக் கோடு கீறினால் ஆளின் பெயருக்கு அளவாகக் கீற வேண்டும். நீளமாக விட்டால் பிறகு யாராவது பக்கத்தில் ஏதாவது சேர்த்து எழுதுவார்கள். அலுவலகத்தில் பிறந்தநாள் அட்டை சுற்றில் வந்தால் கூட அக்கா ஆளாளுக்குக் கோடு கீறித்தான் அனுப்புவார். அவருடைய பெயர் நாலெழுத்து. என் பெயரோ அப்பாவின் பெயரோடு சேர்ந்தால் கனடாவில் எந்தப் படிவத்தின் கட்டத்துக்குள்ளும் அடங்காதது. அட்டையில் என் கோடு மட்டும் றோட்டுப் போல ஓடும்.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி அன்றைய சபை நடவடிக்கையை எனக்குத் தமிழில் சொல்லுவார். எல்லா நாளும் ஒரே ஒழுங்கு. முதலில் வந்தவர்களின் பெயர், ஆயர்கள் ஒரு பக்கம், டியூக்குகளும் ஏர்ள்களும் மற்றப் பக்கம். பிறகு செபம். ஒரு விதவையின் மனு. யாரோ ஒருவர் தன் காணியை விற்க அனுமதி கேட்கும் சட்டமூலம், இரண்டாம் வாசிப்பு. கீழ்ச்சபையிலிருந்து ஒரு தூது. சுகமில்லாத ஒரு பிரபுவுக்கு ஊருக்குப் போக லீவு. கடைசியில், சபை நாளை முற்பகல் பதினொரு மணிவரை ஒத்திவைக்கப்படுகிறது. இதில் எனக்கு நித்திரை வராமல் இருந்ததற்கு அக்காவின் கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு காரணம்.

அவருக்கு நித்திரை வருவதே இல்லை. ஒரு பிரபு இருந்தார். மாதக் கணக்காக ஒவ்வொரு நாளும் வந்தவர் பட்டியலில் இருப்பார். ஒரு நாளும் வாய் திறந்ததாகப் பதிவில்லை. அக்காவுக்கு அவரை நல்ல விருப்பம். "வாறது, இருக்கிறது, போறது. ஆருக்கும் கரைச்சல் இல்லை" என்பார். ஒரு நாள் அவர் பெயர் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அக்காவின் முகம் சரியில்லாமல் போயிற்று. இரண்டு கிழமை கழித்து ஒரு பக்கத்தில், இன்னார் தன் தகப்பனாரின் மறைவுக்குப் பின் இன்று முதன்முதலாகச் சபையில் அமர்ந்தார் என்று இருந்ததாம், அந்தப் பேசாத பிரபுவின் அதே பட்டத்தோடு. அன்றைக்கு அக்கா கத்தரிக்காய்க் குழம்பை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

"அக்கா, முந்நூறு வருசம்" என்றேன்.

"எனக்கு இண்டைக்குத்தானே தெரியும்" என்றார்.

இன்னொரு நாள் துள்ளிக்கொண்டு வந்தார். "தம்பி, எங்கட ஆக்கள் வந்திட்டினம்!"

எங்கட ஆக்கள் என்றால் மதச் சண்டைக்குப் பயந்து சொந்த நாட்டைவிட்டு லண்டனுக்கு ஓடிப்போன வெளிநாட்டவர்கள். அவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுப்பதற்கும் அந்தச் சபைதான் சட்டமூலம் நிறைவேற்ற வேண்டும். சபையின் தடுப்புக் கம்பிக்கு முன்னால் வந்து நின்று அவர்கள் சத்தியப்பிரமாணம் செய்வார்கள். குறிப்பேட்டில் ஒவ்வொருவருடைய பெயரும் இருக்கும். வாயில் நுழையாத அந்தப் பெயர்களை அக்கா மூன்று தரம் சரிபார்ப்பார். "உவையின்ர பேரை அந்தக் கிளாக் பிழையில்லாமல் எழுத எவ்வளவு பாடுபட்டிருப்பான்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, தன் அகதி விசாரணையைப் பற்றிச் சொன்னார். என்னிடம் அதை அவர் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

ரொறன்ரோ நகர நடுவில் ஒரு கட்டடத்தில் ஒரு அறை. அக்கா இருபது நிமிடம் தமிழில் சொன்னாராம். கச்சேரிக்குப் போன கணவர் திரும்பி வராததை, தேடிப்போன இடங்களை, யார் யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பதை. மொழிபெயர்ப்பாளர் களைத்துப்போய் இருந்திருக்க வேண்டும். பிறகு கைக்கு வந்த தாளில், இவர் பயந்திருந்தார் என்று ஒரு வரி இருந்தது.

"வழக்குச் சரிவந்திட்டுது. அது வேற. ஆனா நான் அவ்வளவும் சொன்னனான் தம்பி. தாளில ஒரு வரிதான் இருந்தது."

இதைச் சொல்லிவிட்டு அடிமட்டத்தைத் திரையில் வைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் இருந்த பகிடி அன்றோடு பாதி குறைந்தது. மற்றப் பாதி அன்பாக மாறியது என்று வெட்கமில்லாமல் சொல்லுகிறேன்.

இவ்வளவையும் விட அவர் விரும்பிய வழக்கம் ஒன்று அந்தச் சபையில் இருந்தது. வாக்கெடுப்பில் தோற்ற பிரபு, என் ஆட்சேபனையைப் பதியுங்கள் என்று கேட்கலாம். அடுத்த அமர்வு முடிவதற்குள் காரணங்களை எழுதிக் கொடுத்தால், ஒன்று, ஏனென்றால் இப்படி, இரண்டு, ஏனென்றால் அப்படி என்று அது குறிப்பேட்டில் ஏறும். கீழே அவர் கையெழுத்து. அவரோடு ஒத்த மனம் உள்ளவர்களும் அதற்குக் கீழே கையெழுத்து வைக்கலாம். வென்றவர்கள் பொறுக்கமாட்டாமல், அந்தக் காரணங்களை அழிக்கும்படி கட்டளையிட்ட நாட்களும் உண்டாம். அப்படி ஒரு பக்கத்தை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார். காரணங்களைக் காணவில்லை. பெயர்கள் மட்டும் இருந்தன. "தோத்தவையின்ர பேர் நிக்குது பாரும்" என்று அடிமட்டத்தால் தொட்டுக் காட்டினார்.

இதெல்லாம் லண்டனோடு நின்றிருந்தால் வம்பில்லை. அக்காவும் நானும் ஒரே ஊர். ரொறன்ரோவில் எங்கள் ஊருக்கு ஒரு சங்கம் உண்டு, நான் அதன் செயலாளர். எங்கள் சங்கத்தில் எந்தத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். ஏகமனதாக நிறைவேற்றி நிறைவேற்றியே ஒரு வருடம் சங்கம் இரண்டாக உடைந்தது. அதே ஊர், அதே கோயில், அதே பள்ளிக்கூடம், இரண்டு சங்கம், கோடையில் இரண்டு ஒன்றுகூடல், அதுவும் ஒரே பூங்காவில்.

கூழ் அண்ணை என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் இருந்தார். பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவதில் ஸ்காபரோ முதல் அஜக்ஸ் வரை அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் ஒன்றுகூடலுக்குக் கூழ் காய்ச்சும் பெரிய கிடாரத்தோடு முதலில் வருவதும் அவர், கடைசியாகப் போவதும் அவர். அவருடைய சாம்பல் நிற வான் வண்டியில்தான் அக்கா வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவார். பஸ் தரிப்பில் பனியில் சறுக்கி அக்கா மணிக்கட்டை முறித்த வருடத்திலிருந்து அந்த ஏற்பாடு. இருவரும் வழியில் அதிகம் கதைப்பதில்லை என்று அக்கா சொல்லுவார். ஆனால் ஒரு வெள்ளியும் தவறியதில்லை.

அந்தக் கோடையில் கூழ் அண்ணை மற்றச் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கும் கூழ் காய்ச்சிவிட்டார். கேட்டார்கள், காய்ச்சினேன் என்றாராம். ஊர் கொதித்தது. கூழை விட அதிகமாக. ஐப்பசியில் நடந்த பொதுக்கூட்டத்தில் அவரை அங்கத்துவத்திலிருந்து நீக்கத் தீர்மானம் வந்தது. அவரை அந்தக் கூட்டத்துக்கு அழைக்கவே இல்லை.

"ஆருக்கும் எதிர்ப்பு இருக்கோ?" என்று தலைவர் கேட்டார், இல்லை என்ற பதிலைத் தானே சொல்லுகிற குரலில்.

இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முறிந்து பொருந்திய, சற்றுக் கோணலான மணிக்கட்டு. "எனக்கு இருக்கு. என்ர ஆட்சேபனையைப் பதியுங்கோ."

"அக்கா, நீங்கள் ஒராள்தானே. ஒற்றுமைக்காக ஏகமனதாக எண்டு போடுவம்" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, போடும்" என்றார்.

கூழ் அண்ணையை நீக்குவது எனக்கும் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் செயலாளரின் கையில் பேனா இருக்கும். கையை உயர்த்தாமல் இருப்பதற்கு அது வசதியான சாமான். கூட்ட அறிக்கையில் ஏகமனதாக என்று எழுதினேன். அக்கா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் நேரத்தில் என்னிடம் ஒரு தாளைத் தந்தார். கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே எழுதியிருக்கிறார்.

"ஒன்று: ஏனென்றால், குறித்த கூழைக் குடித்தவர்களில் நமது செயற்குழுவினர் மூவர் இருந்தனர். இரண்டு: ஏனென்றால், அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று: ஏனென்றால், ஊரில் பிறந்த ஒருவரை ஊரிலிருந்து நீக்க எந்தச் சங்கத்துக்கும் அதிகாரமில்லை."

கீழே அடிமட்டத்தால் கீறிய சின்னக் கோடு, அதில் அவருடைய நாலெழுத்துக் கையெழுத்து, பக்கத்தில் திகதி. அதற்குக் கீழே இன்னொரு கோடு வெறுமனே இருந்தது. சங்க முத்திரைக்காக இருக்கும் என்று நினைத்தேன். "அறிக்கையோட சேர்த்து வையும்" என்றார். ஓம் என்றேன். கோப்பின் பின்பைக்குள் செருகினேன். மறுநாள் தலைவர் சொன்னபடி கூழ் அண்ணைக்குக் கடிதம் அனுப்பினேன். பொதுச்சபை ஏகமனதாகத் தீர்மானித்தபடி நீங்கள் நீக்கப்பட்டுள்ளீர்கள்.

அடுத்த வெள்ளி வான் வரவில்லை. அக்காவும் நானும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம், வெள்ளியில் இருவருக்கும் வேலையில்லை. என் யன்னலிலிருந்து பார்த்தேன். அக்கா வாசலில் அரை மணித்தியாலம் நின்றார். பிறகு பஸ் தரிப்பை நோக்கி நடந்தார், பனியில் ஒவ்வொரு அடியாக.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "அக்கா, நீங்கள் அவருக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்துச் சொல்லுங்கோவன், நீங்கள் எதிர்த்தனீங்கள் எண்டு."

"நான் வாயால சொன்னா அது தப்புறதுக்குச் சொல்லுற கதை" என்றார். "கடிதத்தில ஏகமனதாக எண்டு இருக்கு. அவர் கடிதத்தைத்தானே நம்புவார்? நானும் நம்புவன்."

"அப்ப நான் சொல்லட்டோ?"

"நீர் சொல்லுற இடம் அது இல்லை."

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமலும் இல்லை. ஒரு பொதுக்கூட்டத்தின் அறிக்கை அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசித்து ஏற்கப்பட வேண்டும். அதுவரை அதைத் திருத்தலாம். ஏற்றுக்கொண்டால் பிறகு அதுதான் நடந்த கதை. வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். அந்த ஒரு வருடமும் அக்கா இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போனார். ஒரு தரம் கூட என்னைக் கேட்கவில்லை. மத்தியானத்தில் வழமை போலப் பிரபுக்களின் செய்தி சொன்னார், வழமை போலக் கத்தரிக்காய்க் குழம்பில் எனக்குப் பாதி வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோயிலில் கூழ் அண்ணை அவரைக் கண்டால் மற்ற வாசலால் போய்விடுவார் என்று என் மனைவி வந்து சொன்னாள். அன்று அந்தக் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

அடுத்த ஐப்பசி வந்தது. கூட்டத்துக்குப் போகும் முன், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, வாசிக்க வேண்டிய அறிக்கையை எடுத்தேன். பின்பையிலிருந்த தாளும் கூட வந்தது. மூன்று காரணங்கள், அவர் கையெழுத்து, வெறும் கோடு. முதல் தடவையாக அந்த இரண்டாவது கோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். அது நீளமாக இருந்தது. தாளின் முக்கால்வாசி வரை, றோட்டுப் போல ஓடியது.

முத்திரை வட்டமானது. அதற்கு ஒருவரும் கோடு கீறமாட்டார்கள். எங்கள் சங்கத்தில் இவ்வளவு நீளப் பெயர் எனக்கு மட்டும்தான். ஒரு வருடத்துக்கு முன், நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்த அந்த நேரத்திலேயே, எனக்கும் சேர்த்துக் கீறியிருக்கிறார். மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மனைவி பயந்துபோனாள்.

கையெழுத்து வைத்தேன். கோடு அளவாக இருந்தது.

கூட்டத்தில் அறிக்கையை எழுந்து நின்று வாசித்தேன். "இத்தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதியிருந்தது தவறு. ஆட்சேபித்தவர் ஒருவர். அவர் தந்த காரணங்கள் மூன்று." மூன்றையும் வாசித்தேன். முதலாவதில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், மூன்றாவதில் ஒருவரும் சிரிக்கவில்லை. "அக்காரணங்களின் கீழ் கையெழுத்திட்டவர்கள் இருவர்."

"இருவரோ? ஆர் மற்றது?" என்றார் தலைவர்.

"நான்தான் அண்ணை."

"நீர் கை தூக்கேல்லையே!"

"இல்லை. தூக்கியிருக்க வேணும். தூக்கேல்லை எண்டதையும் எழுதியிருக்கிறன்."

தலைவர் செயற்குழுவைப் பார்த்தார். செயற்குழுவில் கூழ் குடித்த மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள். திருத்தத்தோடு அறிக்கை ஏற்கப்பட்டது. ஏகமனதாக இல்லை, நாலு பேர் எதிர்த்தார்கள், அவர்களின் பெயரையும் எழுதினேன். நீக்கம் நீக்கமாகத்தான் இருந்தது. தலைவர் என்னோடு ஆறு மாதம் கதைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அக்கா வந்து அறிக்கைக் கோப்பை வாங்கினார். கண்ணாடியைப் போட்டு, அடிமட்டத்தை வரிக்குக் கீழே பிடித்து, முழுப் பக்கத்தையும் வாசித்தார். நன்றி சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன், மனிதன்தானே. "குளிருது, வாரும்" என்றார்.

அந்தப் பக்கத்தையும் தாளையும் படமெடுத்துக் கூழ் அண்ணைக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று தொலைபேசி காட்டியது. பதில் இல்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், ஒன்றுமில்லை.

வெள்ளி காலை பத்து மணிக்கு நானும் அக்காவோடு வாசலில் நின்றேன். பஸ் தரிப்புவரை கூடப் போவதாக நினைப்பு. சாம்பல் நிற வான் வந்து நின்றது. கூழ் அண்ணை இறங்கவில்லை. கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அக்கா ஏறினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பெல்ற்றைப் போடுங்கோ அக்கா" என்றார் அவர்.

அக்கா பெல்ற்றைப் போட்டார். பிறகு வானின் யன்னல் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். இப்போதாவது ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

"தம்பி, நீர் கையெழுத்துக்குப் பக்கத்தில திகதி போடேல்லை."

வான் போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரு வெள்ளியும் தவறவில்லை, அக்கா அஜக்ஸில் மகன் வீட்டுக்குப் போகும்வரை. அங்கே போன அடுத்த பனிக்காலத்தில் அவர் காலமானார். செத்தவீட்டில் வந்தவர்களின் பெயர்ப் புத்தகத்தில் நான் அளவாகக் கோடு கீறிக்கொடுத்தேன். முதல் கையெழுத்துக் கூழ் அண்ணையுடையது.

வான் மீண்டும் வந்த அந்த முதல் வெள்ளி, அது தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துவிட்டு மேலே போய்க் கோப்பைத் திறந்தேன். போன வருடத்துத் திகதியைப் போட்டால் இரண்டு கையெழுத்தும் ஒரே நாளில் வைத்தது போல ஒழுங்காக இருந்திருக்கும், யாரும் கேட்கப் போவதுமில்லை. பேனாவைக் கொண்டுபோனேன், கை போகவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் போட்ட திகதி இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில், ஒரு வருடம் பிந்தி, நான் கையெழுத்து வைத்த நாளைப் போட்டேன்.